நான்காம் கட்டம்

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்று, ஏப்ரல்.
நாளுக்கு ஒன்பது குருஷ் எனக்கு,
கழுதைக்குத் தனியாக இரண்டு.
லார்னகாக் கச்சேரியில் கையெழுத்துப் போட்டு வாங்கிய
நீலக்கோட்டுத் தாள்களோடு
அந்த மேட்டு ஊருக்கு ஏறினேன்.
பெயர், வயது, தொழில்.
நான்காம் கட்டத்தில் மதம்.

முதல் வீட்டில்
பட்டுப்புழுக்கள் முசுக்கட்டை இலையைத்
தின்றுகொண்டிருந்தன,
ஓட்டுமேல் மழை பெய்கிற சத்தத்தோடு.
"பெயர்?" என்றேன்.
"எந்தப் பெயர்?" என்றாள்.
வரி கேட்டு வந்தவனுக்கெல்லாம் எமினே.
தொட்டித் தண்ணீரில் முக்கியெடுத்த பாதிரிக்குக்
கலியோப்பி.
புருஷன் கூப்பிடுவது "ஏய்".

பக்கத்து ஊர்க்காரர்கள் இவர்களை
ஆளிப்பஞ்சு என்பார்கள்.
பாவு ஆளிநார், ஊடை பஞ்சு.
சிரித்துக்கொண்டுதான் சொல்வார்கள்,
பெண் கேட்டுப் போனால் மட்டும்
சிரிக்காமல்.
ரமழானில் பாதி, தவக்காலத்தில் பாதி என
இரண்டு பக்கமும் நோன்பு பிடித்து
இரண்டு பக்கத்தாரையும்விட
அதிகம் பட்டினி கிடந்தவர்கள்.

துரை கெட்டவர் இல்லை.
எங்கள் பிள்ளைகளின் பெயரைக்கூட
ஞாபகம் வைத்திருப்பார்.
"ஒரு தலைக்கு ஒன்று, ஹாகோப்.
இரண்டு எழுதினால் தாள் செல்லாது.
சட்டசபையில் இவர்களுக்கு ஒன்பது நாற்காலி,
அவர்களுக்கு மூன்று;
கணக்கு கலங்கினால்
யார் எதில் உட்காருவது?"
நான் ஆர்மேனியன்.
என்னை ஏற்கெனவே 'இதரர்' என்று
போட்டு முடித்திருந்தார்கள்.
அதில் ஒரு நிம்மதி இருந்தது,
மறுக்க மாட்டேன்.

கடைசி வீடு.
அண்ணன் எலியாஸ், தம்பி யூசுஃப்,
ஒரே சுவர், இரண்டு கதவு.
அண்ணன் யோசித்தான்.
"எந்தப் பள்ளிக்கூடம் பக்கம்?"
"ஆற்றுக்கு இந்தப் பக்கம் பாதிரியுடையது."
"அப்படியானால் அதையே போடு,
பிள்ளைக்குச் செருப்பு இல்லை."

தம்பி மலையில் இருந்தான்,
ஆடுகளோடு.
இருட்டப் போகிறது.
மைக்கூட்டில் அடிவண்டல்.
அவன் கதவுக்கு உள்ளே, ஆணியில்
ஒரு சிவப்புத் தொப்பி தொங்கியது.
அதைப் பார்த்து எழுதினேன்.

இறங்கும் வழியில்தான்
கழுதைக்குப் புல் கொடுத்த பையன் சொன்னான்:
அந்த வீட்டுக்கு இருப்பதே ஒரு தொப்பி.
கச்சேரிக்குப் போகிறவன் எடுத்துப் போட்டுக்கொள்வான்.
போன வாரம் போனது சித்தப்பா.

நான் திரும்பி ஏறவில்லை.

அதன்பின் பள்ளிக்கூடங்களுக்கு
இரண்டு வாரியம் வந்தது, இரண்டு ஆய்வாளர்,
கல்லறைக்கு நடுவே இடுப்பளவு சுவர்.
அண்ணனும் தம்பியும்
வாய்க்கால் முறைக்காக அடித்துக்கொண்டார்கள்.
அவர்கள் அப்பனும் சித்தப்பனும்
அதே மடைக்கு அடித்துக்கொண்டவர்கள்தாம்;
அப்போது அது தண்ணீர்ச் சண்டை.
இம்முறை போலீஸ்காரன்
என் தாளைப் புரட்டிப் பார்த்து
வேறு பெயர் எழுதினான்.
மனு இரண்டாகக் கிழிந்து
இரண்டு நாற்காலிகளுக்குப் போனது.
போன ஊரிலெல்லாம் ஆள் திரண்டது,
மடை எந்தத் திசையில் என்றுகூடத் தெரியாமல்.

பத்தாண்டு கழித்து
மறுபடி என்னையே அனுப்பினார்கள்.
புழுக்கள் தின்றுகொண்டிருந்தன.
நான் வாயைத் திறக்குமுன்
ஒரே ஒரு பெயரைச் சொன்னாள்,
கடன்காரன் கையில் காசை வைப்பதுபோல்.
நான்காம் கட்டத்தையும் அவளே சொன்னாள்.
எது என்று இங்கே எழுதப் போவதில்லை.
தாளில் இருக்கிறது.

கடைசி வீட்டில் இப்போது இரண்டு சுவர்.
யூசுஃபின் மகன், ஆறு வயதிருக்கும்,
தலையில் தொப்பியோடு வாசலில் நின்று
"நீ யார்?" என்றான்.
ஹாகோப் என்றேன்.
"அது இல்லை," என்றான்.

துரை தாள்களைத் தட்டி அடுக்கினார்.
ஓர் அடித்தல் திருத்தல் இல்லை என்று
மிகவும் மகிழ்ந்து
கழுதைக்கு
ஒரு குருஷ் கூட்டிக் கொடுத்தார்.